செயற்கைச் சூரியனுக்கு எடைமேடை வேண்டாமா?

"செயற்கைச் சூரியன் எரிந்தது! வியப்பில் உலக நாடுகள்!"

வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இப்படி ஒரு தலைப்பு வந்துவிடுகிறது. 2024-ல் தென் கொரியாவின் கேஸ்டார்: பத்துக் கோடி டிகிரி, 48 விநாடி. 2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட்: 1066 விநாடி. அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட்: 1337 விநாடி. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி யார் எத்தனை விநாடி, யார் எத்தனை கோடி டிகிரி என்று ஒரு பட்டியல். கடைசிப் பத்தியில் தவறாமல் ஒரு வரி... இனி நிலக்கரிக்கு வேலை இல்லை, மின்சாரம் கொட்டப் போகிறது!

சென்னையில் உட்கார்ந்து படித்தால் இது ஒரு சுவாரசியமான செய்தி. சேத்தியாத்தோப்பில் படித்தால் அப்படி இல்லை. 2023 ஜூலை 26 அன்று, இந்த ஊருக்குப் பக்கத்தில் மேல்வளையமாதேவியில், நெய்வேலி சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வேலைக்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கின. அது முன்பே கையகப்படுத்தப்பட்ட நிலம் என்றது நிறுவனம். அறுவடை முடியும் வரையாவது பொறுத்திருக்கலாமே என்று கேட்டார்கள் விவசாயிகள். யார் சொன்னது சரி என்பது வேறு விவாதம். ஆனால் பழுப்பு நிலக்கரிக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு "நிலக்கரி இனி வேண்டாம்" என்ற வாக்கியம் பொழுதுபோக்கு அல்ல. அதை நம்பி நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா, பிள்ளையை என்ன படிக்க வைப்பது என்றெல்லாம் யோசிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போய்ப் பொய் சொல்லக் கூடாது.

பொய்யா? ஆமாம், பாதிப் பொய். பிரான்சில் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கும் ஐட்டர் இயந்திரத்தின் கால அட்டவணை 2024-ல் மாற்றப்பட்டது. புதிய திட்டப்படி ஆராய்ச்சிப் பணி தொடங்குவதே 2034-ல். நிஜமான எரிபொருளான டியூட்டீரியம்-டிரிட்டியம் கலவையைப் போட்டு ஓட்டுவது 2039-ல். அப்போதும் அது கம்பி வழியாக ஒரு வீட்டுக்கும் மின்சாரம் அனுப்பாது. அதற்காக அது வடிவமைக்கப்படவே இல்லை.

சரி, செய்திகளில் விடுபட்டுப் போவது என்ன? ஒரே ஒரு விஷயம்தான். அளவு.

சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வட்டாரத்தில் கரும்பு போடுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஆலையின் புகைபோக்கி எத்தனை அடி உயரம் என்று அவருக்குக் கவலை இல்லை. எடைமேடையில் என்ன எடை காட்டியது, பிழிதிறன் எத்தனை சதவீதம் என்று போட்டார்கள்... இந்த இரண்டுதான் அவருடைய ஒரு வருஷத்து உழைப்பின் விலை. ஆலை எவ்வளவு பிரமாண்டமாக இருந்தாலும் எடைமேடை சரியில்லை என்றால் எல்லாம் வீண் என்பது அவருக்குத் தெரியும். பத்திரிகைகளுக்கும், பல பொறியியல் கல்லூரிகளுக்கும்தான் தெரியவில்லை.

அணுக்கரு இணைவு ஆராய்ச்சியிலும் எடைமேடைகள் உண்டு. அவற்றில் மிகப் பழையது, மிக மலிவானது, அதனாலேயே அதிகம் மதிக்கப்படாதது ஒரு சின்னக் கம்பி. பெயர் லாங்முயர் புரோப். நகரக்கூடிய இந்தக் கம்பியை மதிக்கத் தெரியாதவர்களுக்குச் செயற்கைச் சூரியனைப் பற்றிப் பேச உரிமை இல்லை. கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். காரணங்கள் கீழே.

கம்பி என்ன செய்கிறது?

வாயுவை மேலும் மேலும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு போய்விடும். எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த அந்தக் குழம்புதான் பிளாஸ்மா. அந்தப் பெயரை 1928-ல் வைத்தவரே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த இர்விங் லாங்முயர்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1926-ல், மாட்-ஸ்மித் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்தக் கம்பியின் கணக்கை அவர் விரிவாகச் சொல்லிவிட்டார்.

வேலை செய்யும் விதம் பிளஸ் டூ மாணவருக்கே புரியும். ஒரு மெல்லிய உலோகக் கம்பி. சில மில்லிமீட்டர் நுனி மட்டும் வெளியே தெரியும். மீதியெல்லாம் பீங்கான் குழாய்க்குள். அதைப் பிளாஸ்மாவுக்குள் நுழைத்து, அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே, வருகிற மின்னோட்டத்தை அளக்க வேண்டும். நன்றாக எதிர்மின்னாக வைத்தால் எலக்ட்ரான்கள் விலகிப் போகும், அயனிகள் மட்டும் வந்து சேரும். அந்த மின்னோட்டத்திலிருந்து பிளாஸ்மாவின் அடர்த்தி தெரியும். மெல்ல மின்னழுத்தத்தை உயர்த்தினால், வேகமான எலக்ட்ரான்கள் முதலில் எட்டிப் பிடிக்கும், பிறகு மற்றவை. மின்னோட்டம் மளமளவென்று ஏறும். அது எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதிலிருந்து எலக்ட்ரான்களின் வெப்பநிலை தெரியும். வருவதும் போவதும் சமமாகி மின்னோட்டம் பூஜ்யமாகும் இடத்தில் இன்னொரு எண் கிடைக்கும். பக்கத்தில் இன்னொரு கம்பியை வைத்தால் மின்புலம். முன்னும் பின்னுமாக இரண்டு நுனிகளைத் தடுப்போடு வைத்தால் பிளாஸ்மா எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. ஒரு கம்பி, ஒரு வோல்ட்மீட்டர், ஒரு கிராஃப் தாள்... இத்தனை விஷயங்கள்!

"லட்சம் டிகிரியில் கம்பி உருகாதா?" என்று உடனே கேட்பார்கள். டோகாமாக் என்ற வளைய வடிவ இயந்திரத்தின் ஓரத்தில் எலக்ட்ரான் வெப்பநிலை ஒரு லட்சம், இரண்டு லட்சம் டிகிரி இருக்கலாம். ஆனால் அங்கே ஒரு கன மீட்டரில் இருப்பவை ஏறத்தாழ ஒன்றுக்குப் பின் பதினெட்டு சுழியம் போட்ட எண்ணிக்கையிலான துகள்கள். கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் இரண்டு கோடி மடங்குக்கும் மேல் நீர்த்தது. துகள் ஒவ்வொன்றும் சூடு, ஆனால் எண்ணிக்கை குறைவு. அதனால் டங்ஸ்டன், கிராஃபைட் நுனிகள் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும்.

அந்தக் "கொஞ்ச நேரம்" என்பதில்தான் நகரும் புரோபின் வித்தையே இருக்கிறது. சின்ன இயந்திரங்களில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் கம்பியை ஒரு சென்டிமீட்டர், அரை சென்டிமீட்டர் என்று உள்ளே தள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். பெரிய இயந்திரங்களில் அப்படி விட்டுவைத்தால் நுனி ஆவியாகிவிடும். அங்கே கம்பி சுவருக்குள் ஒளிந்து நிற்கும். பிளாஸ்மா எரிந்துகொண்டிருக்கும்போதே காற்றழுத்தத்தாலோ மின்காந்தத்தாலோ சட்டென்று பாய்ந்து, சில சென்டிமீட்டர் ஆழம் தொட்டு, விநாடியில் ஒரு சின்னப் பங்கு நேரத்துக்குள் திரும்பிவிடும். அகல் விளக்குச் சுடரின் குறுக்கே சின்னப் பிள்ளைகள் விரலை வேகமாக ஓட்டுவார்களே, அதேதான். மெதுவாகப் போனால் சுடும். அந்த ஒரே பாய்ச்சலில் வெளி ஓரத்திலிருந்து உள்பக்கம் வரை ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் அடர்த்தி என்ன, வெப்பம் என்ன என்ற முழுக் கணக்கும் கையில் வந்துவிடும்.

ஓரத்தில் என்ன இருக்கிறது?

"நடுவில் பத்துக் கோடி டிகிரி இருக்கிறது. புரோபால் அங்கே போக முடியாது. ஓரத்தை அளந்து என்ன ஆகப் போகிறது?" இது இரண்டாவது கேள்வி. பத்திரிகைகள் முழுக்க நடுவிலேயே கண் வைத்திருப்பதால் வருகிற கேள்வி.

நெய்வேலியில் ஒருவர் இப்படிக் கேட்க மாட்டார். பழுப்பு நிலக்கரி அடுக்குக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். கரி நடுவில்தான் இருக்கிறது. ஆனால் சுரங்கம் இருப்பதும் போவதும் அடியிலுள்ள நீரைப் பொறுத்தது. அதனால்தான் குழாயை இறக்கி நீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

டோகாமாக்கிலும் அதே கதை. உள்ளே உருவாகும் வெப்பம் கடைசியில் ஓரத்தின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஐட்டரின் அடித்தட்டு ஒரு சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வரை தொடர்ந்து தாங்கும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் பத்தாயிரத்தை அடுக்கி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அந்த வெப்பம் எவ்வளவு அகலமான பட்டையில் வந்து விழும்? இன்றைய இயந்திரங்களின் அளவீடுகளை அப்படியே நீட்டிப் பார்த்தால் ஐட்டரின் ஓரத்தில் அந்தப் பட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்று ஒரு கணக்கு. இல்லை, ஓரத்தில் கொந்தளிப்பு அதிகமிருந்தால் அது பல மடங்கு விரியும் என்று இன்னொரு கணிப்பு. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் இயந்திரத்தின் ஆயுள் இந்தச் சில மில்லிமீட்டர்களில் தொங்குகிறது. 1337 விநாடியா 1066 விநாடியா என்பதில் மட்டும் அல்ல!

இன்னும் ஒன்று. 1982-ல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் இயந்திரத்தில் ஃபிரிட்ஸ் வாக்னர் குழுவினர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஓரத்தில் ஒரு மெல்லிய தடுப்பு உருவானதும், மொத்தப் பிளாஸ்மாவும் வெப்பத்தை முன்னைவிட நன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டது. நடுவின் தலையெழுத்தை ஓரம்தான் எழுதுகிறது. ஐட்டரின் திட்டமே அந்த நிலையை நம்பித்தான் போடப்பட்டிருக்கிறது.

ஆதித்யா சொன்ன சேதி

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் குஜராத் பக்கம் திரும்பலாம். காந்திநகர் அருகே பாட் கிராமத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய ஆதித்யா டோகாமாக் 1989-ல் ஓடத் தொடங்கியது. சின்ன இயந்திரம். வளையத்தின் ஆரம் முக்கால் மீட்டர், குழலின் ஆரம் கால் மீட்டர். பிளாஸ்மா நிலைத்தது விநாடியில் பத்தில் ஒரு பங்கு போல. இன்றைய தலைப்புச் செய்தி அளவுகோலில் அதற்கு ஓரப் பத்தி கூடக் கிடைத்திருக்காது.

ஆனால் 1992-ல் அந்தச் சின்ன இயந்திரத்திலிருந்து ஒரு கட்டுரை பிசிகல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் வந்தது. எழுதியவர்கள் ஆர். ஜா, பிரதிமன் காவ் உள்ளிட்ட ஆதித்யா குழுவினர். ஓரத்தில் லாங்முயர் புரோப்களை வைத்துக் கொந்தளிப்பைப் பதிவு செய்தார்கள். அதுவரை வசதிக்காகப் பலர் நினைத்துக்கொண்டது, இந்த ஏற்ற இறக்கங்கள் மணி வடிவ வளைகோட்டுக்கு அடங்கிய சாதாரண இரைச்சல் என்பதுதான். கம்பி வேறு மாதிரி சொன்னது. ஏற்ற இறக்கம் அந்த வளைகோட்டுக்கு அடங்கவில்லை. கொஞ்ச நேரம் அமைதி, பிறகு திடீரென்று ஒரு பெரிய எழுச்சி, மறுபடி அமைதி. வெள்ளாற்றில் தண்ணீர் வருகிற மாதிரி என்று சொன்னால் இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும். வருஷ சராசரியை வைத்து அணைக்கட்டு கட்ட முடியாது. வெள்ளம் வருகிற அந்தச் சில நாட்களுக்காகத்தான் கட்ட வேண்டும்.

ஒன்பது வருஷம் கழித்து, 2001-ல், கிராஷெனின்னிகோவ் என்ற கோட்பாட்டாளர், பிளாஸ்மா ஓரத்திலிருந்து உருண்டை உருண்டையாகப் பிய்ந்து சுவரை நோக்கிப் போகும் விதத்துக்கு விளக்கம் கொடுத்தார். அதே வருஷம் அமெரிக்காவின் டி.ஐ.ஐ.ஐ.-டி இயந்திரத்தில் பாய்ந்து திரும்பும் புரோப் அந்த உருண்டைகளை எண்ணி, அளந்து காட்டியது. இன்று இது பாடப்புத்தக விஷயம். ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்றை எழுதியது, வெறும் கால் மீட்டர் ஆரமுள்ள இந்தியக் குழலுக்குள் நின்ற ஒரு கம்பி.

யார் எத்தனை விநாடி ஓட்டினார்கள் என்று மட்டும் பார்த்தால் 1992-ன் இந்தியாவுக்கு இந்தக் கதையில் இடமே இல்லை. யார் எதை அளந்தார்கள் என்று பார்த்தால் முன்வரிசையில் இடம்!

"பழைய கருவி, பிளாஸ்மாவைக் கெடுக்கும்"

இதுதான் கொஞ்சம் படித்தவர்கள் வைக்கும் வாதம். இதில் உண்மை இருக்கிறது. கம்பி உள்ளே போனால் அதைச் சுற்றி ஓர் உறை உருவாகும், அக்கம்பக்கம் குளிரும், நுனியிலிருந்து அணுக்கள் பெயர்ந்து பிளாஸ்மாவை அசுத்தப்படுத்தும். காந்தப்புலம் பலமாக இருந்தால் எலக்ட்ரான் பக்கத்துக் கணக்கு சிக்கலாகும். லேசர் ஒளியைச் சிதறடித்து அளக்கும் தாம்சன் முறை தொடாமலேயே நடு வரை பார்க்கும். எல்லாம் சரி.

ஆனால் மருத்துவர் ஸ்கேன் எடுத்த பிறகும் ஏன் இரத்தம் எடுக்கிறார்? ஊசி குத்துகிறது என்பதற்காக யாரும் இரத்தப் பரிசோதனையை ஒழித்துவிடவில்லை. பெரும்பாலான லேசர் அமைப்புகள் குறிப்பிட்ட இடைவெளிகளில் துடிப்பு துடிப்பாகத்தான் பார்க்கும். கம்பி நின்ற இடத்தில் விநாடிக்குப் பத்து லட்சம் தடவை கூடப் படிக்கலாம். மின்னழுத்தத்தை நேராகத் தொட்டுப் பார்ப்பதும் கம்பிதான். குறைகளுக்கும் பதில் தேடியிருக்கிறார்கள். மூன்று நுனிகளைச் சேர்த்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்காமலே உடனுக்குடன் வெப்பநிலை சொல்லும் முறை 1965-லேயே வந்துவிட்டது. பிராகா நகர ஆய்வாளர்கள் நுனியைக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும் பந்துமுனைப் பேனா மாதிரியான புரோபைச் செய்தார்கள். குறை இருக்கிறது என்று தெரிந்து, அந்தக் குறையின் அளவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் அறிவியல். குறையே இல்லாத கருவி விளம்பரத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கொந்தளிக்கும் பானைக்கு ஒரு சோறு போதாது. ஒரே இடத்தில் லட்சம் சோறு எடுத்துப் பார்க்க வேண்டும். கம்பி செய்வது அதைத்தான்.

"நம்ம காலேஜுக்கு எதுக்குங்க?"

கடைசி வாதம், ஆனால் உண்மையான எதிரி இதுதான். இணைவு ஆராய்ச்சி காந்திநகருக்கு, பிரான்சுக்கு. கடலூர் மாவட்டத்துக் கல்லூரிக்கு கேம்பஸ் இன்டர்வியூ போதும். சிலபஸில் இல்லை, லேபில் இல்லை, கேள்வித்தாளில் வராது.

2023 ஆகஸ்ட் 23. மேல்வளையமாதேவி வயலில் பொக்லைன் இறங்கி நான்கு வாரம். சந்திரயான்-3-ன் விக்ரம் லேண்டர் நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக்கில் தொடங்கிப் படித்தவர் என்று ஊரெல்லாம் ஃபிளெக்ஸ், வாழ்த்து. நியாயமான பெருமை. ஆனால் அந்த லேண்டரில் ஒரு மீட்டர் நீளக் கையின் முனையில் 5 சென்டிமீட்டர் உலோகக் கோளம் ஒன்று இருந்ததே, தரையிறங்கிய பிறகு வெளியே நீட்டப்பட்டதே, அது என்ன என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அதுவும் லாங்முயர் புரோப்தான்! திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகம் முன்னின்று செய்தது. நிலவின் தென்துருவப் பகுதியில் தரையை ஒட்டி ஒரு கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள் என்று அதன் முதற்கட்ட மதிப்பீடு சொன்னது. டோகாமாக்கின் ஓரத்தைவிடப் பல கோடி மடங்கு நீர்த்த பிளாஸ்மா. அதே தத்துவம். 1960-களில் தும்பாவிலிருந்து கிளம்பிய ராக்கெட்டுகளின் மூக்கிலும் இதே கருவி போயிருக்கிறது. ஆக இந்தியாவுக்கு இது புது வித்தை அல்ல. அறுபது வருஷப் பழக்கம்.

கல்லூரி லேபுக்கு டோகாமாக் கேட்கவில்லை யாரும். ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ரோட்டரி பம்ப், சில நூறு வோல்ட் டி.சி. சப்ளை, ஒரு துண்டு டங்ஸ்டன் கம்பி, ஒரு ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர். அதிக மின்னழுத்தம் என்பதால் ஆசிரியர் கூடவே நிற்க வேண்டும், அவ்வளவுதான். கையால் தொட்டால் சில்லென்று இருக்கும் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் பல்லாயிரம் டிகிரியில் ஓடுவதை ஒரு மதியத்தில் மாணவரே கிராஃப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். அதன் பிறகு அந்த மாணவரிடம் "பத்துக் கோடி டிகிரி" என்று யாராவது சொன்னால் அவர் வாய் பிளக்க மாட்டார். "எப்படி அளந்தீர்கள்? நடுவிலா ஓரத்திலா? பிழை எவ்வளவு?" என்று கேட்பார். இந்த மூன்று கேள்விகளையும் கேட்கத் தெரியாத ஒருவருக்குப் பொறியியல் பட்டம் கொடுத்து என்ன பயன்?

இத்தனைக்கும் நெய்வேலி வட்டாரத்தில் ஆள் பஞ்சம் இல்லை. பாய்லருக்குள் வெப்பமானி இறக்கத் தெரிந்தவர்கள், வெற்றிட பம்ப் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள், பீங்கானும் உலோகமும் சேரும் இடத்தில் கசிவு பிடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 1962-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்டது. அந்த ஐம்பத்தெட்டு வருஷ அனுபவம் ஓய்வூதியத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு புரோப் செய்யத் தேவையான கைகள் அவை. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

ஐட்டரின் 3,850 டன் குளிர்கலனை இந்தியா செய்து கொடுத்தது பெரிய விஷயம். ஆனால் பாத்திரம் செய்து கொடுத்தவர் சமையலைக் கற்றுக்கொண்டதாக ஆகாது. உள்ளே என்ன வேகிறது என்று தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் நாளைக்குச் சொந்தமாக உலை வைப்பார்கள். மற்றவர்கள் வெளிநாட்டு உலையை விலைக்கு வாங்கி, அவர்கள் போட்ட எடையை நம்பிக் காசு எண்ணிக் கொடுப்பார்கள்.

எடைமேடையை அடுத்தவன் கையில் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கரும்பு போடுகிறவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.